யாருக்கும் கேட்கக் கூடாத செட்

அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பதை மட்டும் படித்துவிட்டு, உள்ளே இருக்கும் விளக்கப் புத்தகத்தைப் பழைய பேப்பரோடு போடுகிற ஆட்களை நான் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். நடையில் ஒரு தெனாவட்டு இருக்கும். கடைக்காரருக்கே பாடம் எடுப்பார்கள். "இதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, சிம்பிள் டெக்னாலஜி" என்பார்கள். இந்த வகையில் ஒருத்தனைத் தினமும் காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடியில் பார்ப்பதால் எனக்கு நல்ல பழக்கம்.

ஏழு வருஷத்துக்கு முன்பு நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். நான் போர்ட் பிளேரில் லம்பா லைன்காரன். ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர், பிரிண்டர் வகையறாக்களைப் பராமரிக்கும் வேலை. (பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவி எடுப்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு பதவிப் பெயர் கொடுத்திருந்தார்கள்.) மனைவி ரெஜினா வண்டூர்க்காரி. அவள் அப்பா சூசை, எனக்கு மாமா, தூத்துக்குடிப் பக்கமிருந்து தீவுக்கு வந்து நிலைத்த குடும்பம். சொந்தமாக ஒரு டுங்கி வைத்துத் தூண்டில் போடுகிறவர். டுங்கி என்றால் எஞ்சின் பூட்டிய சின்ன மரப்படகு.

கல்யாணச் சந்தையில் என்னிடம் இருந்த ஒரே சரக்கு, மெயின்லேண்டில் படித்த எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. மாமா என்னை வண்டூர் முழுக்க "நம்ம டிப்ளமோ மாப்ள" என்றுதான் அறிமுகப்படுத்தினார். மறுவீட்டுக்குப் போன அன்று மாமியின் டி.வி. ரிமோட் வேலை செய்யவில்லை. பேட்டரியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, திரும்பப் போட்டேன். வேலை செய்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் மின்சாரம் ஓடும் எந்தப் பொருளைப் பற்றியும் கடைசி வார்த்தை என்னுடையது என்று ஆகிவிட்டது. நானும் அதை மறுக்கவில்லை. எப்படி மறுப்பேன், எவ்வளவு சுகமாக இருந்தது!

அந்தச் சமயம் பார்த்து வேறு ஊர் டுங்கி ஒன்று எஞ்சின் நின்றுபோய், ஒன்றரை நாள் கடலில் ஒதுங்கிக் கிடந்து, கடைசியில் ஆட்கள் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். வண்டூரிலிருந்து கிளம்பி எதிர்த் தீவு முனையைத் தாண்டினால் போனில் சிக்னல் சுத்தமாகப் போய்விடும். ரெஜினா சட்டம் போட்டுவிட்டாள்.

"இனிமே கையில வயர்லெஸ் இல்லாம அப்பா கடலுக்குப் போவக் கூடாது. நீங்க கூடப் போயி நல்ல செட்டாப் பாத்து வாங்கிக் குடுங்க. ஆபத்துன்னா நாலு பேருக்குக் கேக்கணும். அது போதும், வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. அவளுக்கு அப்பா என்றால் உயிர்.

"அத என்கிட்ட விட்டுரு" என்றேன். என்னிடம் விட்டதுதான் தப்பு.

போர்ட் பிளேர் அபர்தீன் பஜாரில் ஒரு சந்துக்குள் காதர் பாய் கடை. ராமநாதபுரத்துக்காரர். கப்பல், படகு வைத்திருப்பவர்களுக்கு விளக்கு, பேட்டரி, வயர்லெஸ் எல்லாம் விற்கிறவர். மாமாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். விஷயத்தைச் சொன்னதும் யோசிக்கவே இல்லை, கண்ணாடி அலமாரியிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் குண்டாக ஒன்றை எடுத்து வைத்தார். பார்க்கச் செங்கல்லுக்கு பெயின்ட் அடித்த மாதிரி இருந்தது.

"கடலுக்குன்னா இதாண்ணே. தண்ணியில உளுந்தா மெதக்கும். உப்புத்தண்ணி ஒண்ணும் பண்ணாது. நனைஞ்ச கையாலயே அமுக்கலாம். லைசென்ஸ் பாரம் ஒண்ணு எழுதணும், அத நானே எழுதித் தாரேன்."

மாமா அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார். பிறகு தன் வாழ்க்கையிலேயே முக்கியமான கேள்வியைக் கேட்டார். "பாய், இதுல பேசுனா யாரு யாருக்குக் கேக்கும்?"

பாய் முகம் பூரித்தது. "எல்லாருக்கும்ணே! ஆபத்துக்குன்னே பதினாறாம் நம்பர் சேனல் இருக்கு. கப்பல்காரன், போலீஸ் போட்டு, டுங்கிக்காரன், எல்லாரும் அதுலதான் காத வச்சிட்டு இருப்பாங்க."

மாமா முகம் விழுந்தது. "பக்கத்து வீட்டு நிதாய்க்கும் கேக்குமோ?"

"நிதாய் தா என்கிட்டதான வாங்கிட்டுப் போனாரு. இதே செட்டு."

மாமா ஆரஞ்சு செட்டை மெதுவாக மேசையில் வைத்து, ஒரு விரலால் தள்ளியும் விட்டார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடலுக்கடியில் மீன் மேயும் பாறைத்திட்டை எங்கள் ஆட்கள் பார் என்பார்கள். ஒவ்வொரு டுங்கிக்காரரும் இரண்டு மூன்று பார்களை உயிரைப்போல ஒளித்து வைத்திருப்பார். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிற மாமா, பார் இருக்கும் திசையை மட்டும் சொன்னதில்லை. தூண்டிலில் மீன் விழுந்துகொண்டே இருக்கும்போது தூரத்தில் இன்னொரு டுங்கி தெரிந்தால், சட்டென்று தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் போய், ஒன்றுமே கிடைக்காதவர் மாதிரி சோகமாக உட்கார்ந்திருப்பார். அதிலும் பக்கத்து வீட்டு வங்காளி நிதாய் தா (அவர்கள் பாஷையில் அண்ணனுக்குத் தா) என்றால் கேட்கவே வேண்டாம். வேலி ஓரமாக இரண்டு வீட்டுப் பெண்களும் குழம்பு பரிமாறிக்கொள்வார்கள். ஆண்கள் இருவரும் இருபது வருஷமாக ஒருவர் மீன்கூடையை இன்னொருவர் நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆபத்தில் உதவிக்குக் கூப்பிடும் கருவியை, அது யாருக்கும் கேட்கக் கூடாது என்ற நிபந்தனையோடு தேடிப் போன கூட்டம் உலகத்திலேயே நாங்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும். மாமாவையாவது மன்னிக்கலாம், அவர் மீனவர். அதை நியாயப்படுத்த ஒரு டிப்ளமோ தேவைப்பட்டது பாருங்கள், அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

மூலையில் ஒரு பெட்டி என் கண்ணில் பட்டது. வழவழவென்று கறுப்பாக, இடுப்பில் செருகிக்கொள்ளும்படி இரண்டு வாக்கி டாக்கி. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் "பிரைவசி கோட்" என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

"அது வேண்டாம் தம்பி" என்றார் பாய். "டூரிஸ்ட் போட்டுக்காரங்க ஜெட்டிக்கும் போட்டுக்கும் பேசிக்க வாங்குறது. கரையோரத்துக்குச் சரி. வெளிக்கடலுக்கு ஆகாது. அந்தக் கோட் விஷயமும் நீங்க நெனைக்கிற மாதிரி..."

"பாய், நான் எலெக்ட்ரானிக்ஸ்" என்றேன். பெயரையே மாற்றிக்கொண்ட மாதிரி அப்படிச் சொன்னேன். "கோட் போட்டா வேற எவனும் நடுவுல வர முடியாது. சிம்பிள் டெக்னாலஜி."

பாய் என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். பிறகு பில் புத்தகத்தை எடுத்தார். முப்பது வருஷமாகக் கடை நடத்துபவருக்கு எந்த ஆளிடம் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கோட் போடும் சடங்கு. ஒன்றிலிருந்து முப்பத்தெட்டு வரை எண் இருந்தது. மாமா கதவைச் சாத்திவிட்டு வந்து என் காதோடு சொன்னார். "மிக்கேல் சம்மனசு திருநாள் செப்டம்பர் இருபத்தொம்பது. அதப் போடுங்க மாப்ள. அந்தப் பயலுக்கு இது ஓடவே ஓடாது."

இரண்டு செட்டிலும் இருபத்தொன்பதைப் போட்டேன். ஒன்று மாமா கையில், இன்னொன்று கரையில் மாமி கையில். சேனலை மாற்றவேண்டும் என்று தோன்றவில்லை, பெட்டியிலிருந்து வந்தபடி ஒன்றாம் சேனலிலேயே இருந்தது. விளக்கப் புத்தகத்தை மாமி அரிசி டப்பாவுக்கு அடியில் விரித்தார்.

மூன்று மாதம் ராஜ வாழ்க்கை. மாமா கடலிலிருந்து திரும்பும்போது தீவு முனைக்கு வந்ததுமே செட்டை எடுத்துவிடுவார். "ஏட்டி, மேக்க உள்ள பாருல இன்னைக்கு களவா மீனா அள்ளிட்டு. ஐசு எடுத்து வையி. நாளைக்கும் விடியுமுன்ன அங்கதான் போறேன்" என்பார். கூடவே நிதாய் தாவின் குணநலன்கள் பற்றி நாலு வார்த்தை. மாமியும் சளைக்காமல் பதில் சொல்வார். நடுவில் ஒரு ஈ, காக்கை குரல்கூட வராது.

"பாத்தீங்களா மாமா, எவன் சத்தமாவது வருதா?" என்று கேட்பேன்.

"கல்லறை மாதிரிலா கெடக்கு" என்று மாமா புளகாங்கிதம் அடைவார்.

ஒரே ஒரு உறுத்தல். மாமா எந்தப் பாருக்குப் போனாலும் நிதாய் தா அந்தப் பக்கமாக எங்கேயோ முன்கூட்டியே தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். "அவன் மூக்கு அப்படி" என்று மாமா பல்லைக் கடித்தார். ஜெட்டியில் டூரிஸ்ட் படகுக்காரர்கள் எங்களைப் பார்த்ததும் காரணமில்லாமல் சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். மரியாதை கூடுகிறது என்று நான் நினைத்தேன்.

ஒருநாள் நிதாய் தாவே என்னை ஜெட்டியில் நிறுத்தினார். சீசனில் அவரும் டூரிஸ்ட் ஆட்களை ஏற்றுவார், இடுப்பில் எங்களுடையதைப் போலவே ஒரு கறுப்பு செட் தொங்கியது. "ஜமாய் பாபு, தும் லோக் கா பாத் ஸப் ஸுனாயி தேதா ஹை" என்றார். மாப்பிள்ளை ஐயா, நீங்கள் பேசுவதெல்லாம் எங்களுக்குக் கேட்கிறது என்று அர்த்தம். நல்ல மனுஷன், மனசு கேட்காமல் சொல்லியிருக்கிறார்.

நான் என்ன செய்தேன்? சிரித்தேன். "தாதா, யே டெக்னாலஜி ஹை. ஆப் நஹீ ஸம்ஜேகா" என்றேன். உங்களுக்குப் புரியாது என்று, கடலில் நாற்பது வருஷம் கழித்தவரிடம்! மாமாவிடம் வந்து சொன்னபோது அவரும் தொடையில் தட்டிச் சிரித்தார். "வாயக் கெளறிப் பாக்கான் மாப்ள. சிக்காதீங்க."

தை மாதம் ஒரு சனிக்கிழமை, மாமாவோடு வழக்கமாகப் போகும் ஆள் கட்சால் தீவில் தங்கை கல்யாணத்துக்குக் கப்பல் ஏறிவிட்டார். நான் வருகிறேன் என்றேன். மாமா தயங்கினார், ரெஜினா முறைத்தாள். "செட் இருக்குல்ல" என்று இடுப்பைத் தட்டிக் காண்பித்துவிட்டு ஏறினேன்.

மேற்குப் பாரில் நங்கூரம் இறக்கும்போது மாமா ஒரே ஒரு வேலை கொடுத்தார். "கயித்த ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிடுங்க. நான் கட்டுத வரைக்கும் விட்டுறாதீங்க." நான் ஒரு கையால் பிடித்தேன். மற்றொரு கையில் செட்டை வைத்துக்கொண்டு "டெஸ்டிங், டெஸ்டிங்" என்று மாமிக்குப் பேசிக்கொண்டிருந்தேன். (மாமி செட்டைச் சார்ஜில் போட்டு, சுவிட்சைப் போட மறந்து சந்தைக்குப் போயிருந்தார்.) கயிறு ஓர் இழுப்பு இழுத்தது. நங்கூரம் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் அடிக்குப் போனது, பின்னாலேயே கயிறும் போனது. மாமா பாய்ந்து எஞ்சினைப் பின்பக்கமாக ஓட்டி மிதந்துகொண்டிருந்த கயிற்று நுனியைப் பிடிக்கப் பார்த்தார். கயிறு எஞ்சின் விசிறியில் சுற்றியது. "கடக்" என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு கடல் சத்தம் மட்டும்தான்.

வாடைக் காற்று எங்களை மேற்கே தள்ள ஆரம்பித்தது. மேற்கே ஒன்றும் கிடையாது. போகப் போக மெயின்லேண்டுதான். கப்பல் டிக்கெட்டுக்காகக் கவுண்டரில் கால்கடுக்க நின்றே வளர்ந்தவன் நான். அன்றைக்கு டிக்கெட்டே இல்லாமல் கிளம்பிவிட்டேன்.

"பயப்படாதீங்க மாமா" என்று செட்டை எடுத்தேன். அதற்காகத்தானே வாங்கினோம். தமிழில் கூப்பிட்டேன், இந்தியில் கூப்பிட்டேன், ஆங்கிலத்தில் கூப்பிட்டேன். பதில் இல்லை. ஒவ்வொரு தடவையும் பொத்தானை விட்டுவிட்டுக் காதில் வைத்துக் கேட்டேன். கல்லறை. மூன்று மாதம் நாங்கள் பெருமைப்பட்ட அதே கல்லறை.

மாமா கத்தியை வாயில் கவ்விக்கொண்டு தண்ணீரில் குதித்தார். அறுபது வயது. முங்கிக் கயிற்றை அறுப்பார், மேலே வந்து மூச்சு வாங்குவார், திரும்ப முங்குவார். தண்ணீர் பாட்டில் பாதிதான் இருந்தது. தீவு ஒரு கோடாக மெலிந்துகொண்டிருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

மாமா தண்ணீருக்குள் இருந்த ஒரு சமயத்தில், யாருக்கும் கேட்கப் போவதில்லை என்ற தைரியத்தில், பொத்தானை அமுக்கி ரெஜினாவிடம் விடைபெற்றேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன். "ரெஜினா, என்னைய மன்னிச்சிரு. ஒங்க அப்பாவ நல்லபடியா கூட்டிட்டு வர முடியல. இன்னொண்ணும் சொல்லணும். நான் டிப்ளமோ முடிக்கல. ரெண்டு பேப்பர் இன்னும் அரியர். மாமாக்குத் தெரியாது. ஓவர்."

அந்த "ஓவர்" எதற்கு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மாமா மேலே ஏறி வந்தார். கை முழுக்க கயிறு அறுத்த கீறல். "கயித்த அறுத்துட்டேன். ஆனா விசிறியப் பிடிக்குத இரும்புத்துண்டு ஒடஞ்சிட்டு. ஓடாது" என்றார். தீவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு செட்டை என் கையிலிருந்து வாங்கினார்.

"நிதாய், நான் சூசை பேசுதேன்" என்றார். "மேக்கால எனக்கு ஒரு பாரு இருக்கு. தீவு முனையும் பெரிய மலை உச்சியும் ஒரே நேரா சேருத எடம். அங்கருந்து மேக்க ஒதுங்கிப் போயிட்டே இருக்கோம். எம்மருமவன் கூட இருக்கான். எம்புள்ள அங்க காத்துட்டு இருப்பா. வந்துரு நிதாய்."

சாமியாருக்குச் சொல்லாத இடத்தைச் சொல்லிவிட்டு, மாமா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த மனுஷன் மகளுக்காக அதையும் கொடுத்துவிட்டார், அதுவும் நான் வாங்கிக் கொடுத்த ஊமைப் பெட்டியில்.

பதில் வரவில்லை. ஆனால் ஒரு மணி நேரத்தில் கிழக்கே ஒரு டுங்கி தெரிந்தது. முன்னால் நின்றபடி நிதாய் தா, ஒரு கையில் கறுப்பு செட், வாய் ஓயாமல் அசைகிறது. எங்கள் செட்டில் ஒரு சத்தமும் இல்லை. அவர் கத்துகிறார், நாங்கள் செட்டை உற்றுப் பார்க்கிறோம். கடைசியில் வெறும் தொண்டையில் அவர் போட்ட சத்தம்தான் தண்ணீர்மேல் வந்து சேர்ந்தது.

"அரே, தீன் கண்டா ஸே போல் ரஹா ஹூன்! ஆதா ஹூன், ஆதா ஹூன்!"

மூன்று மணி நேரமாக "வருகிறேன், வருகிறேன்" என்று பதில் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். நாங்கள் கூப்பிட்ட முதல் தடவையே கேட்டிருக்கிறது. அன்றைக்கு எந்தப் பாருக்குப் போனோம் என்று மட்டும் தெரியாமல், தெற்கே ஒரு சுற்றுத் தேடிவிட்டு, மாமா பாரைச் சொன்ன பிறகு நேராக வந்திருக்கிறார். ஆரம்பத்திலேயே அவர் "எங்கே இருக்கிறீர்கள்" என்று கேட்டாராம். கேட்டாராம், கேட்டாராம், கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

எங்கள் டுங்கியைக் கட்டி இழுக்கக் கயிறு மாட்டிவிட்டு, நிதாய் தா என் செட்டை வாங்கினார். இரண்டு தடவை அமுக்கி இருபத்தொன்பதை எடுத்துவிட்டார். உடனே அந்தக் கல்லறை உயிர்த்தெழுந்தது. நாலைந்து டூரிஸ்ட் படகுகள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தன. அதில் ஒரு குரல் தெளிவாகக் கேட்டது: "டிப்ளமோவாலா மிலா க்யா?" டிப்ளமோக்காரன் கிடைத்தானா என்று.

விஷயம் இதுதான். அந்தக் கோட், நாம் பேசுவதை மற்றவர்களிடமிருந்து மறைக்காது. மற்றவர்கள் பேசுவதை நம்மிடமிருந்து மறைக்கும். அவ்வளவே. மூன்று மாதமாக மாமாவும் மாமியும் பேசிய ஒவ்வொரு சொல்லும் ஜெட்டியில் ஒலிபரப்பாகியிருக்கிறது. நாங்கள் எங்கள் காதைப் பொத்திக்கொண்டு, ஊருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்திருக்கிறோம்.

மாமா மெதுவாகக் கேட்டார். "அப்ப அந்த மேக்குப் பாரு..."

நிதாய் தா எங்கள் தமிழ் பேசுவார், தன் பாணியில். "பார் எனக்குத் தெரியும் தாதா. மூணு மாசமா நீதானே தினம் சொல்றான். என்னைத் திட்டுறது கூட கேட்கும்." பிறகு என்னைப் பார்த்துக் கருணையோடு சிரித்தார். "ஜமாய் பாபு ரெண்டு பேப்பர் ஃபெயில், அது மட்டும் இன்னிக்குத்தான் தெரியும்."

கடலில் குதித்துவிடலாமா என்று பார்த்தேன். எனக்கு நீச்சலும் அரைகுறை.

தீவு முனை வரும்வரை மாமா இழுவைக் கயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு கேட்டார். "எந்தப் பேப்பரு மாப்ள?"

"கம்யூனிகேஷன் மாமா."

"இன்னொண்ணு?"

"அதோட பிராக்டிகல்."

மாமா தலையை ஆட்டினார். வைதிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜெட்டியில் பாதி வண்டூர் நின்றது. ரெஜினா ஓடிவந்து அப்பாவின் கீறல் விழுந்த கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். என் பக்கம் திரும்பியபோது அழுகை நின்றிருந்தது.

"நான் ஒண்ணே ஒண்ணுதான சொன்னேன்? நாலு பேருக்குக் கேக்கணும்னு?"

"கேட்டுச்சே" என்றேன். இந்த வாயை வைத்துக்கொண்டு நான் இத்தனை நாள் பிழைத்ததே பெரிது.

"ஆமா. ஊருக்கே கேட்டுச்சு. ஒங்களுக்குத்தான் கேக்கல."

அன்று மாமி அரிசி டப்பாவைத் தூக்கி விளக்கப் புத்தகத்தை உருவித் தந்தார். நாலாம் பக்கத்தில், கறுப்புக் கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் எல்லாம் இருந்தது. பாய் சொல்ல வந்ததும் இதைத்தான். நிதாய் தா சொன்னதும் இதைத்தான்.

மறுவாரமே மாமா போர்ட் பிளேர் போய் ஆரஞ்சு செட்டை வாங்கிவந்தார். கூட நிதாய் தா போனார். என்னை யாரும் கூப்பிடவில்லை. பாரைப் பற்றி மாமா இப்போது எந்தச் செட்டிலும் பேசுவதில்லை. மேற்குப் பாரில் மட்டும் இரண்டு டுங்கியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அங்கே யார் வந்தாலும் இருவரும் சேர்ந்து தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு, வேறு பக்கம் போய்ச் சோகமாக உட்கார்ந்துகொள்கிறார்கள்.

அந்த இரண்டு பேப்பரையும் நான் இன்னும் எழுதவில்லை. வீட்டில் இருபத்தொன்பது மட்டும் நிலைத்துவிட்டது. போன வாரம் புது வாஷிங் மெஷின் வாங்குவது பற்றி ரெஜினாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் அவள் நாலு தடவை ஏதோ சொல்ல வந்தாள். நான் கையைக் காட்டி அமர்த்திவிட்டு டெக்னாலஜியைத் தொடர்ந்தேன். ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"விடும்மா. அப்பா இருபத்தொம்பதுல இருக்காரு."